பெரிய டயருக்காக மட்கார்டை வெட்டினால் வண்டி சாலையில் ஓடலாமா?

வெட்டலாம், வெட்டியதோடு விட்டுவிடுவதுதான் சிக்கல். டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பல நாடுகளில் சோதனையில் தேறாது. கல்லும் சேறும் பின்னால் வருபவரின் கண்ணாடியில் அடிக்குமே! அகலமான ஃபிளேர் (மட்கார்டின் விளிம்பை வெளியே நீட்டும் பட்டை) பொருத்தி மூடுங்கள். வெட்டிய விளிம்பை மழுக்கி, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, ரப்பர் பட்டை மாட்டுங்கள். கூரான தகரம் நடந்து போகிறவரின் காலைக் கிழித்துவிடும்.

எனக்குப் பயம் பம்பரை மாற்றுவதுதான். கனமான இரும்பு பம்பர் மோதலின் விசையை உள்வாங்காமல் அப்படியே சேஸிஸுக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்குக் கடத்தும். ஏர்பேக் விரியும் நேரமும் மாறலாம். விளக்கும் நம்பர் பிளேட்டும் மறையக் கூடாது. சேஸிஸை வெட்டினால் பதிவுக்கே ஆபத்து. கட்டரை எடுக்கும் முன்பே பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.