மெத்தென்ற சீட்டில் வலி ஏன் அதிகம்?

கேள்வி: பைக்கில் நீண்ட தூரம் போகிற ஆள் நான். கம்பெனி சீட்டு கல் மாதிரி இருக்கிறது என்று கூடுதலாக ஃபோம் வைத்து மெத்தென்று தைத்து வாங்கினேன். பக்கத்தில் எங்காவது போய்வரும்போது சொர்க்கம். 100 கிலோமீட்டர் தாண்டினால் முன்பைவிட மோசமாக வலிக்கிறது. என்ன தப்பு செய்தேன்?

பதில்: மெத்தென்று தைத்ததுதான் தப்பு. சீட்டை விரலால் அமுக்கிப் பார்த்து வாங்குகிற பலருக்கும் இது நடக்கிறது, எனக்கும் நடந்திருக்கிறது. உள்ளங்கைகளை அடியில் வைத்துக்கொண்டு ஒரு மரப்பெஞ்சில் நிமிர்ந்து உட்காருங்கள். இரண்டு எலும்பு முனைகள் கையில் குத்தும். நாம் உட்காரும்போது பாரத்தைத் தாங்க வேண்டியவை அவைதான். ஃபோம் ரொம்ப மிருதுவாக இருந்தால் அந்த முனைகள் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைந்து அடித்தட்டில் போய் உட்கார்ந்துவிடும், அதே நேரம் சுற்றியுள்ள ஃபோம் மேலே பிதுங்கி, பாரம் தாங்கவே கூடாத சதையையும் நரம்பையும் ரத்தக்குழாயையும் அழுத்த ஆரம்பிக்கும். முதல் அரை மணி நேரம் சுகமாகத் தெரிவதும் பிறகு எரிவதும் இதனால்தான்.

உங்களுக்கு வேண்டியது அமுங்கிக்கொடுத்துவிட்டுத் திருப்பித் தள்ளுகிற, கொஞ்சம் கெட்டியான ஃபோம். தைக்கக் கொடுக்கும்போது ஒன்றைத் தெளிவாகப் பேசிவிடுங்கள்: டென்சிட்டி, அதாவது ஒரே அளவு ஃபோம் எவ்வளவு எடை இருக்கிறது என்பது வேறு, கெட்டித்தன்மை வேறு. டென்சிட்டி அதிகமென்றால் ஃபோம் சீக்கிரம் தளராமல் பல நாள் உழைக்கும், ஆனால் அது கெட்டியாகத்தான் இருக்கும் என்று கட்டாயமில்லை. இரண்டும் வேண்டும்.

அப்புறம் அகலம். அட்டைப்பெட்டியின் நெளிநெளியான அட்டையைக் கெட்டியான முக்காலியில் போட்டு, கால்களைச் சற்றுத் தூக்கிவைத்து ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் இரண்டு பள்ளம் விழுந்திருக்கும். பள்ளங்களின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் பெரும்பாலானவர்களுக்கு 10 முதல் 14 சென்டிமீட்டர் வரும். அந்த இரண்டு முனைகளுமே சீட்டின் தட்டையான பகுதியில் இறங்க வேண்டும். வட்டமாகக் கவிழ்ந்த சீட்டு என்றால் அவை சரிவில் நிற்கும், தொடை இரண்டு பக்கமும் இழுபடும். பின்பக்கம் அகலமாகவும் தட்டையாகவும், டேங்க் பக்கம் ஒடுங்கியும் இருப்பதுதான் நல்ல வடிவம், ஒடுங்கியிருந்தால் கால் தரையில் ஊன்றவும் சுலபம்.

சமதரையில் ஒரே வேகத்தில் போகும்போதும் அடிக்கடி உங்களை நீங்களே பின்னால் தள்ளிக்கொள்கிறீர்களா? அப்படியென்றால் சீட்டு முன்பக்கம் சரிந்திருக்கிறது, எவ்வளவு நல்ல ஃபோம் போட்டாலும் தீராது, முதலில் சரிவைச் சரிசெய்யுங்கள். வால் எலும்பு வலித்தால் பெரும்பாலும் உட்காரும் விதம்தான் காரணம். கால்கள் முன்னால் நீண்டிருக்கும் க்ரூஸர் வண்டிகளில் பாரம் முழுவதும் முதுகுக்குக் கீழே இறங்கும், குண்டு குழியில் எழுந்து நிற்கவும் வசதிப்படாது. ஃபுட்ரெஸ்ட் நேர் கீழே இருந்து, ஹேண்டில்பாருக்காகச் சற்று முன்னால் சாயும்படி இருந்தால் பாதத்துக்கும் கொஞ்சம் பாரம் போகும். பின் சஸ்பென்ஷன் உங்கள் எடைக்கு மீறி இறுக்கமாக வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நிறைய பேர் இதைப் பார்க்காமலேயே சீட்டைக் குறை சொல்கிறார்கள், பாவம் அந்தச் சீட்டு.

புதுச் சீட்டை 5 நிமிடம் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். புது ஃபோம் பழகவும் சில நூறு கிலோமீட்டர் ஆகும்.

கேள்வி: சீட்டைப் பிரிக்க மனமில்லை. மேலே போடுகிற ஜெல் பேட், ஏர் குஷன், மெமரி ஃபோம் இவற்றில் எது நல்லது?

பதில்: என் ஓட்டு ஏர் குஷனுக்கு. ஒன்றோடொன்று இணைந்த காற்றறைகள் உள்ள இந்த வகை, சக்கர நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு அழுத்தப்புண் வராமல் தடுக்கப் பயன்படுவது. ஆனால் உப்ப உப்பக் காற்றடித்தால் பந்தின் மேல் உட்கார்ந்த மாதிரி ஆடும், வளைவுகளில் அது ஆபத்தும்கூட. உட்கார்ந்த பிறகு காற்றை மெல்ல விட்டுக்கொண்டே வாருங்கள், எலும்பு சீட்டைத் தொடுவதற்குச் சற்று முன் நிறுத்துங்கள். பட்டைகளை இழுத்துக் கட்டுங்கள்.

ஜெல் அழுத்தத்தைப் பரப்பும், ஆனால் ஃபோம் மாதிரி திருப்பித் தள்ளாது. வெயிலில் நிறுத்திய வண்டியில் அது சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாது. மெமரி ஃபோம் 1960-களில் நாசாவுக்காக உருவானது, சூட்டில் இளகும், குளிரில் இறுகும். அதனால் மேலே ஒரு மெல்லிய அடுக்காக மட்டும் சரி, முழு சீட்டுக்கும் வேண்டாம்.

வியர்வைதான் தொல்லை என்றால் காற்று புகும் வலைத்துணி உறை ஒன்றே பெரிய வித்தியாசம் காட்டும். உள்ளாடையின் தடித்த தையல் எலும்புக்கு அடியில் வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள், நாள் முழுக்க ஓட்டும்போது அது ரணமாக்கிவிடும்.

கேள்வி: வலி இல்லை, ஆனால் இரண்டு மணி நேரம் ஓட்டினால் தொடையிடுக்கு மரத்துப்போகிறது. விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். வலியைவிட இதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். எலும்பு தாங்க வேண்டிய பாரம் நடுவில் இருக்கும் நரம்பின் மேல் விழுகிறது என்று அர்த்தம். சீட்டின் முன்பகுதியில் நடுவே கூம்பி நிற்கிறதா பாருங்கள், அந்த இடத்தை இறக்கித் தைக்கலாம், நடுவில் பள்ளம் விட்டும் தைக்கலாம். அதுவரை மணிக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். இறங்கிய பிறகும் உணர்வு சீக்கிரம் திரும்பவில்லை, அல்லது ஓட்டாத நாட்களிலும் மரத்துப்போகிறது என்றால் அடுத்த பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.