எலி சிவப்பாக அழுதால்: அனிமல் ஹவுஸ் கேள்வி-பதில்

பங்குனி வெயில் ஏறினால் எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் கிணறு வற்றும், எனக்கு எலிக் கேள்விகள் ஊறும். எல்லாம் அனிமல் ஹவுஸ், அதாவது ஆய்வுக்கான பிராணிகளை வளர்க்கும் கூடம், பற்றியவை. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று எல்லையோர ஊர்களிலிருந்து தினமும் சோதனைச்சாவடி தாண்டிப் படிக்கவும் வேலைக்கும் போகிறவர்கள் கேட்டவைதான் இதில் பாதி.

காலையில் கூண்டைத் திறந்தால் இரண்டு எலிகளுக்குக் கண்ணோரமும் மூக்கும் ரத்தமாக இருக்கிறது. சண்டையா, நோயா? – அனிமல் ஹவுஸ் உதவியாளர், கஞ்சிக்கோடு

பெரும்பாலும் அது ரத்தமே இல்லை. எலியின் கண்ணுக்குப் பின்னால் ஹார்டேரியன் சுரப்பி என்று ஒன்று உண்டு. அது சுரக்கும் நீரில் போர்ஃபிரின் என்ற சிவப்பு நிறமி இருக்கிறது. நன்றாக இருக்கிற எலி முகம் கழுவும்போதே அதைத் துடைத்துவிடும். உடம்புக்கு முடியாமலோ மிரண்டோ இருந்தால் சுரப்பு கூடும், முகம் கழுவுவது குறையும். அப்போதுதான் சிவப்பு தங்கும்.

என் முதல் வருடத்தில் நானே இதைப் பார்த்துப் பதறி, பதிவேட்டில் 'ரத்தப்போக்கு' என்று எழுதினேன். மூத்த உதவியாளர் ஒருவர் ஒன்றும் சொல்லாமல் பக்கத்துக் கடைக்குப் போய், கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா விளக்கை வாங்கி வந்தார். பஞ்சில் ஒற்றி எடுத்த கறையை அதன் கீழே காட்டினார். ரோஜா நிறத்தில் ஜொலித்தது. ரத்தம் அப்படி ஜொலிக்காது, கறுப்பாகத்தான் தெரியும். முன்னங்கால்களின் உட்புறத்தையும் பாருங்கள். அங்கே சிவப்பு அப்பியிருந்தால் எலி துடைக்க முயன்றிருக்கிறது என்று அர்த்தம்.

ரத்தம் இல்லை என்பதற்காக விட்டுவிடக் கூடாது. ஏன் வந்தது என்று தேட வேண்டும். நான் முதலில் சந்தேகப்படுவது அமோனியாவை. படுக்கையில் ஊறிய சிறுநீரைப் பாக்டீரியா சிதைக்கும்போது கிளம்புவது அது. அறை வாசலில் நின்று மோந்தால் தெரியாது. குனிந்து, மூடியைத் தூக்கி, கூண்டு மட்டத்தில் மோந்து பாருங்கள். அந்தப் படுக்கைக்குள் மூக்கைப் புதைத்துத் தூங்குகிற பிராணி அது. அப்புறம் வறட்சி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுகிற மாதங்களில் ஈரப்பதமானி முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சமீபத்தில் அந்த எலிகளைத் தனிக்கூண்டில் போட்டீர்களா என்பதையும் யோசியுங்கள். ஒரே நாளில் பல கூண்டுகளில் கண் சிவந்து, கழுத்தும் வீங்கியிருந்தால் கதை வேறு. அது வைரஸாக இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், அந்த அறைக்குப் போன காலோடு அடுத்த அறைக்குள் போகாதீர்கள்.

கூண்டு மாற்றிய அன்றெல்லாம் ஆண் சுண்டெலிகள் கடித்துக்கொள்கின்றன. சுத்தம் செய்வது தப்பா? – ஆராய்ச்சி மாணவர், நெம்மாறா

சுத்தம் தப்பில்லை. வாசனை மொத்தத்தையும் அழிப்பதுதான் தப்பு. யார் பெரியவன், யார் அடங்கினவன் என்று அவை மூக்கால் எழுதி வைத்திருந்ததை நீங்கள் துடைத்துவிட்டீர்கள். அடுத்த முறை பழைய கூட்டை, அதாவது அவை படுத்த காகிதத்தையோ நாரையோ, அப்படியே புதுக் கூண்டுக்கு மாற்றுங்கள். சிறுநீர் ஊறிய படுக்கை உமியை மட்டும் புதுக் கூண்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், அது சண்டையைக் கூட்டும். பால் மறந்த நாளிலிருந்து ஒன்றாக வளர்ந்த ஆண்களை ஒன்றாகவே வைத்திருங்கள். இனப்பெருக்கத்துக்கு எடுத்த ஆணைத் திரும்பக் கொண்டுவந்து கூட்டத்தில் விட்டால் நடப்பதற்கு நான் பொறுப்பில்லை. முதுகிலும் வால் அடியிலும் காயம் இருந்தால் அது கடிபட்டவன். காயமே இல்லாமல் பளபளவென்று ஒருவன் இருப்பான் பாருங்கள், பிரிக்க வேண்டியது அவனை.

ஏசி 22 டிகிரியில் ஓடுகிறது. சுண்டெலிக்கு 30 டிகிரி பிடிக்கும் என்று படித்தேன். பிறகு வெயிலில் கரண்ட் போனால் ஏன் பயப்படுகிறோம்? – பி.ஃபார்ம் மாணவி, கொழிஞ்சாம்பாறை

நல்ல கேள்வி. இரண்டும் உண்மை. உடம்புச் சூட்டைக் காப்பாற்றத் தனியாகச் சக்தி செலவழிக்காமல் சுண்டெலி இருக்கும் வெப்பநிலை ஏறக்குறைய 30. நாம் வைக்கிற 22 நமக்கு இதம், அதற்குக் குளிர். அதற்காக அறையைச் சூடாக்க வேண்டாம், போர்வை கொடுங்கள். ஒரு கூண்டுக்கு 8 முதல் 10 கிராம் வரை காகித நார் போட்டால் இரவோடு இரவாக மூடுகூடு கட்டிவிடும். காலையில் கூடு தட்டையாக, நாலாபக்கமும் சிதறிக் கிடந்தால் அந்தக் கூண்டை இன்னொரு முறை பாருங்கள். உடம்பு சரியில்லாத சுண்டெலி கூடு கட்டாது. ஆனால் பஞ்சு போடாதீர்கள், குட்டிகளின் காலில் இழை சுற்றிக்கொள்ளும்.

இனி கரண்ட். 30-ஐத் தாண்டி ஏறினால் சுண்டெலிக்கு ஒதுங்க இடமில்லை. நம்மைப் போல வியர்க்காது. எலி வால் வழியாகக் கொஞ்சம் சூட்டை வெளியேற்றும். அதுவும் போதாதபோது எச்சிலை உடம்பில் பூசிக்கொள்ளும். வயிறும் தாடையும் நனைந்து, கைகால் பரப்பிக் கிடந்தால் நேரம் அதிகம் இல்லை. பாலக்காட்டில் வெளியே 40 அடிக்கிற மதியத்தில் மூடிய அறை எவ்வளவு சீக்கிரம் சூடாகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேல் தட்டுக் கூண்டுகளை முதலில் கீழே இறக்குங்கள், சூடு மேலேதான் நிற்கும். நெரிசலாக இருக்கிற கூண்டுகளைப் பிரித்து வையுங்கள். வறண்ட காற்றடிக்கிற நாளில் ஜன்னலில் ஈரச்சாக்கு கட்டினால் பலன் உண்டு. இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கிவிட்டால் அது வெறும் ஈரச்சாக்கு. ஒவ்வொரு தண்ணீர் பாட்டிலின் குழாய் முனையையும் விரலால் தொட்டுப் பாருங்கள். நிறைந்த பாட்டில், அடைத்த முனை – இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்கத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் சிறுநீர் கழிக்கிறது, கடிக்க வருகிறது.

எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். 2010-இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹர்ஸ்ட், வெஸ்ட் இருவரும், வாலைப் பிடித்துத் தூக்கிய சுண்டெலிகளைவிடக் குழாயிலோ குவித்த கையிலோ எடுத்தவை பதற்றம் குறைந்து, தாமாகவே மனிதக் கையை நாடி வருவதைக் காட்டினார்கள். பிளம்பிங் வேலையில் மிஞ்சிய இரண்டு அங்குல பிவிசி குழாயை அரைச்சாண் நீளத்துக்கு அறுத்து, விளிம்பைத் தேய்த்துக் கூண்டுக்குள்ளேயே போட்டு வையுங்கள். அதற்குள் புகுந்ததும் குழாயோடு தூக்குங்கள். பெரிய எலியை வால் நுனியைப் பிடித்து ஒருநாளும் தூக்காதீர்கள்; தோல் உருவிக்கொண்டு வந்துவிடும். தோளுக்குக் கீழே ஒரு கை, பின்னங்காலுக்கு அடியில் ஒரு கை. அவ்வளவுதான்.

மில்லில் உமி சும்மா கிடைக்கிறது. படுக்கைக்குப் போடலாமா?

போடலாம். சலித்துத் தூசி எடுத்து, ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் கிருமி நீக்கிய) பிறகு. மில் குடோனில் ஊர் எலி ஓடாத மூலை உண்டா? அதன் சிறுநீரும் உமியோடு வரும். மரத்தூள் என்றால் மில்காரரிடம் மரத்தின் பெயரைக் கேளுங்கள். பைன், சீடர் ஆவி கல்லீரல் நொதிகளைத் தூண்டி மருந்துச் சோதனை முடிவையே மாற்றும். பூச்சி அரிக்காமல் மருந்து ஏற்றிய ரப்பர் மரப் பலகையின் தூளும் வேண்டாம்.

வெள்ளை எலியிடமிருந்து எலிப்பனி (எலிக்காய்ச்சல்) வருமா? வீட்டில் அம்மா வேலையை விடச் சொல்கிறார்.

அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள்: மலையாளத்துப் பனி நம் காய்ச்சல்தான், குளிர் இல்லை. லெப்டோஸ்பைரா கிருமி பெரும்பாலும் ஊர் எலி, வயல் எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் இருப்பது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளம் முழுக்க டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தது அதனால்தான். முறையாக வளர்த்த ஆய்வக எலியிடம் அந்தப் பயம் மிகக் குறைவு. ஆனால் காட்டெலி உள்ளே புகாமல் வடிகால் வாயை அடைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். உங்களுக்கு நிஜமாக வரக்கூடியது ஒவ்வாமை. எலிச் சிறுநீரிலுள்ள புரதம் தூசியோடு பறக்கும். உமி கொட்டும்போது நல்ல முகக்கவசம் போடுங்கள். தும்மல் இழுப்பாக மாறினால் மறைக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

குன்னூரில் அந்தக் காலத்தில் நம் சாப்பாட்டை எலிக்குப் போட்டுப் பார்த்தார்களாமே? – ஓய்வுபெற்ற ஆசிரியர், கொல்லங்கோடு

உண்மைதான், ஐயா. பிரிட்டிஷ் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஒரு அறையில் தொடங்கிய ஆய்வு அது. 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குக் கொடுத்ததில், கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி தின்ற சீக்கிய உணவு எலிகள் முதலிடம். அரிசியே பிரதானமான மதராஸ் உணவு கடைசி. நமக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கிறது. ஆனால் நான் மாணவர்களுக்குச் சொல்வது வேறொன்று: அவர் எலிகளின் இடத்தைச் சுத்தமாக, வெயில் படும்படி வைத்திருந்தார். கூண்டு மோசமாக இருந்திருந்தால், மெலிந்தது சோற்றாலா கூண்டாலா என்று யாரால் சொல்ல முடியும்?

சோதனை முடிந்த எலி ஒன்றை மகன் வீட்டுக்குக் கொண்டுவரக் கேட்கிறான். – ஒரு தாய், மீனாட்சிபுரம்

அப்படிக் கையில் கொடுத்தனுப்ப முடியாதம்மா. நிறுவனத்தின் விலங்கு நெறிக்குழு அனுமதி வேண்டும். ஆசை தீராவிட்டால் வளர்ப்புக்கென்றே விற்கிற எலிகளில் இரண்டு பெண்களாக வாங்குங்கள், ஒற்றையாக வேண்டாம். கூண்டை டிவிக்கும் இன்வெர்ட்டருக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், எலிக்கு 80 வரை கேட்கும். நமக்கு அமைதியாக இருக்கிற மூலை அதற்கு இரைச்சலாக இருக்கலாம்.