காட்டுத்தீப் புகைக் காலத்தில் ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு எந்த முகக்கவசம் வாங்குவது?

அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள சான் ஹோசேவுக்குக் குடிபெயரும் முன், ஆஸ்துமா உள்ள உங்கள் பத்து வயது மகளுக்கு எந்த முகக்கவசம் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆஸ்துமாவோடு இப்பகுதியில் பல ஆண்டுகளாக வசிப்பவன் என்ற முறையில், அவள் உறங்கும் அறையை முதலில் கவனியுங்கள் என்பேன்.

புகையில் நுரையீரலின் ஆழம் வரை செல்வது 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள். மூடிய சன்னல்களின் இடுக்குகள் வழியாகவும் அவை உள்ளே வந்துவிடும். ஆகவே ஓர் அறையையாவது தேர்ந்தெடுத்து, அதன் பரப்பளவுக்குப் போதுமான, மிக நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியுள்ள காற்றுச் சுத்திகரிப்பானை இரவும் பகலும் ஓட விடுங்கள். விலை கட்டுப்படியாகாவிட்டால், சதுர மின்விசிறி ஒன்றைச் சுற்றி நுண்துகள்களைப் பிடிக்கும் மெர்வ்-13 தரக் காற்று வடிகட்டிகள் நான்கை ஒட்டிச் செய்யும் கோர்சி-ரோசன்தால் பெட்டியும் நன்றாகவே வேலை செய்யும். ஓசோன் வெளியிடும் கருவிகளைத் தொடவே வேண்டாம். அந்த நாள்களில் ஊதுபத்தி, சாம்பிராணி, மிளகாய் தாளிப்பு ஆகியவற்றையும் தள்ளி வையுங்கள். நம் வீடுகளில் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. இங்கே பல பழைய வீடுகளில் ஏசி கிடையாது என்பதால், சன்னலை மூடினால் வெக்கை தாங்காத நாள்களில் குளிரூட்டப்பட்ட நூலகத்துக்குச் சென்றுவிடுவது நல்லது.

வானத்தின் நிறத்தை நம்ப வேண்டாம். 2020 செப்டம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பகலிலேயே வானம் செம்மஞ்சளாக இருண்டது; ஆனால் கடலிலிருந்து வந்த குளிர்ந்த காற்றடுக்கு புகையைப் பெருமளவு மேலேயே தடுத்து வைத்திருந்தது. வானம் வெறும் சாம்பல் நிறமாகிவிட்ட அடுத்த சில நாள்களில்தான் தரைமட்டக் காற்று மிகவும் கெட்டது. அமெரிக்க அரசின் காற்றுத்தர இணையதளமான ஏர்நவ்வின் தீ-புகை வரைபடத்தைப் பாருங்கள். காற்றுத் தரக் குறியீடு 100ஐத் தாண்டினாலே அவளை வெளியே விளையாட விடாதீர்கள்.

ஆஸ்துமா வராமல் தடுக்க அன்றாடம் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரைப் புகை வந்த பிறகு தேடுவதில் பயனில்லை. அது தொடர்ந்து எடுத்தால்தான் பலன் தரும். கோடைக்கு முன்பே மருத்துவரிடம் எழுத்து வடிவில் ஆஸ்துமா செயல்திட்டம் ஒன்றை வாங்கி, அதன் நகலைப் பள்ளியிலும் கொடுத்து வையுங்கள்.

இனி முகக்கவசம். நுண்துகள்களை வடிகட்டும் முகக்கவசத்துக்கான என்95 சான்று அமெரிக்காவில் பெரியவர்களுக்கான அளவுகளுக்கே உண்டு. எனவே முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்துகிற, சிறுவர் அளவிலான கேஎன்95 (சீனத் தரம்) அல்லது கேஎஃப்94 (கொரியத் தரம்) முகக்கவசம் வாங்குங்கள். வாயுக்களை அது தடுக்காது. அணிந்ததும் அவளுக்கு மூச்சு சிரமமானால் கழற்றிவிட்டு உள்ளே அழைத்து வாருங்கள். மூச்சுத்திணறலின்போது உடனடியாக எடுக்கும் நிவாரண இன்ஹேலருக்கும் அடங்காமல், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாத அளவுக்கு மூச்சிரைத்தால், தாமதிக்காமல் அவசர உதவி எண் 911ஐ அழையுங்கள்.