பட்டன் இருக்கு, ரப்பர்ல உயிர் இருக்கா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, அப்பாவோட 1995 மாடல் ஹோண்டா கோல்ட் விங் ஜிஎல்1500 டூரிங் பைக் இப்ப என் கைக்கு வந்திருக்கு. அப்பாவுக்கு முட்டி வலி வந்ததுல இருந்து ஏழெட்டு வருஷமா கவர் போட்டு நின்ன வண்டி. எஞ்சின், பிரேக் எல்லாம் சரி பண்ணிட்டேன். டயர்ல பட்டன் பாதிக்கு மேல இருக்கு, பார்க்க புதுசு மாதிரி தான் இருக்கு, ஆனா ஃபிரெண்டு ஒருத்தன் மாத்தியே ஆகணும்ங்கிறான். மாத்துறதா இருந்தா ரேடியல் போடலாமா, பின்னாடி கொஞ்சம் அகலமா போடலாமா, எந்த கம்பெனி நல்லது? நானும் வீட்டம்மாவும் பெட்டி எல்லாம் கட்டிக்கிட்டு லாங் டிரிப் போறதா இருக்கோம்.

பதில்: தம்பி, உங்க ஃபிரெண்டு சொல்றது தான் சரி, அந்த டயரோட டிரிப் கிளம்பாதீங்க. முதல்ல சைட்வால்ல, அதாவது டயரோட பக்கவாட்டுச் சுவர்ல, டாட் (DOT)னு ஆரம்பிக்கிற எழுத்து வரிசையைத் தேடுங்க, ஒரு பக்கம் முழுசா இல்லன்னா மறுபக்கம் இருக்கும். அதோட கடைசி நாலு நம்பர் தான் டயரோட பிறந்த தேதி. 1514னு இருந்தா 2014ஆம் வருஷத்தோட 15வது வாரம் பண்ணினதுன்னு அர்த்தம். மூணு நம்பர் தான் இருக்குன்னா அது 2000க்கு முன்னாடி வந்தது, அதுக்கு மேல அந்த டயரைப் பத்தி யோசிக்கவே வேண்டாம். அஞ்சு வருஷம் தாண்டிட்டா வருஷத்துக்கு ஒரு தடவை டயர் தெரிஞ்சவர்கிட்ட காட்டணும், பத்து வருஷம் ஆச்சுன்னா பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழட்டிடணும்னு பெரிய டயர் கம்பெனிங்களே சொல்றாங்க.

நின்ன வண்டி டயர் ஏன் ஓடின வண்டி டயரை விட சீக்கிரம் கெடுதுன்னு நிறைய பேருக்குப் புரியறதில்ல. ரப்பர் கலவையில ஒரு வகை மெழுகு சேர்த்திருப்பாங்க, வண்டி ஓடி டயர் வளைஞ்சு நெளியும் போது அது மெல்ல மேல கசிஞ்சு வந்து ஒரு படலமா நிக்கும், காத்துல இருக்கிற ஓசோன் ரப்பரைத் தின்னாம தடுக்கிறது அது தான். வண்டி நின்னா மெழுகு மேல வர்றது குறைஞ்சிடும், வெடிப்பு ஆரம்பிச்சிடும். சென்டர் ஸ்டாண்ட் போட்டுட்டு டார்ச் அடிச்சு, ரெண்டு கட்டைவிரலாலயும் பட்டனை விரிச்சு பள்ளத்தோட அடியைப் பாருங்க, தலைமுடி மாதிரி கோடு கோடா தெரியும். நகத்தை வச்சு அழுத்திப் பாருங்க, நல்ல ரப்பர்ல நகம் கொஞ்சம் பதியும், செத்த ரப்பர்ல பிளாஸ்டிக் வாளி மேல அழுத்தின மாதிரி வழுக்கும். ஆனா வெடிப்பு இல்லைங்கிறதால மட்டும் டயர் நல்லாயிருக்குன்னு நம்பிடாதீங்க.

இதை நான் அனுபவிச்சே சொல்றேன். பல வருஷம் முன்னாடி ஒரு கடையில "புது டயர்"னு குடுத்ததை நம்பி மாட்டிக்கிட்டேன், பட்டன் முழுசா, ரப்பர் முடி கூட உதிராம இருந்துச்சு. முதல் மழையில ஒரு ரவுண்டானாவுல மெதுவா தான் சாய்ச்சேன், பின் சக்கரம் சத்தமே இல்லாம பக்கவாட்டுல போயிடுச்சு, வண்டி விழல ஆனா பின்னாடி உக்காந்திருந்த என் மனைவி என் சட்டையைப் பிடிச்ச பிடி இன்னும் ஞாபகம் இருக்கு. வீட்டுக்கு வந்து தேதியைப் பார்த்தா குடோன்லயே ஒம்போது வருஷம் கிடந்த டயர். அதுல இருந்து தேதியைப் படிக்காம எந்த டயரையும் ரிம்ல ஏத்த விடறதில்ல, நீங்களும் விடாதீங்க.

இப்ப எந்த டயர்ங்கிறதுக்கு வருவோம். உங்க வண்டிக்கு முன்னாடி 130/70-18, பின்னாடி 160/80-16. கடைசி நம்பருக்கு முன்னாடி இருக்கிற அந்த சின்ன படுக்கைக் கோடு தான் முக்கியம், அது பயாஸ் டயர்னு அர்த்தம். அந்த இடத்துல ஆர் (R) இருந்தா ரேடியல், பி (B) இருந்தா பெல்ட் வச்ச பயாஸ், அதாவது அதுவும் பயாஸ் குடும்பம் தான். ஜிஎல்1500 வந்தது 1988ல இருந்து 2000 வரைக்கும், அதோட ஃபிரேம், சஸ்பென்ஷன், ரிம் அகலம் எல்லாம் பயாஸை மனசுல வச்சு பண்ணினது. பயாஸ்ல நூல் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமா சாய்வா போகும், சைட்வால் விறைப்பா நிக்கும், ரேடியல்ல சைட்வால் நல்லா நெளியும். முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு கலந்து போட்டா ரெண்டு சக்கரமும் வேற வேற மாதிரி பதில் சொல்லும், அதுவும் லோடோட வளைவுல திரும்பும் போது ரொம்ப ஆபத்து. அடுத்து வந்த ஜிஎல்1800 ரேடியல்ல தான் வந்துச்சு, ஆனா அது வேற வண்டி, அதுக்குப் போட்டது இதுக்கும் ஆகும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க.

அகலமும் வேண்டாம். ரிம் அதே அகலம் தான், அதுல பெரிய டயரை ஏத்தினா ரெண்டு ஓரமும் உள்ள இழுபட்டு மேடு நடுவுல கூம்பா வந்திடும், வண்டி சாயறதும் திரும்பறதும் கெட்டுப் போகும், பின் சக்கரத்தைத் தாங்கற ஸ்விங்ஆர்ம்ல உரசவும் வாய்ப்பு இருக்கு.

அளவுக்கு அடுத்து இருக்கிற நம்பரைத் தான் நான் ரொம்ப கவனிப்பேன். 75னு போட்டிருந்தா அந்த டயர் தாங்கறது 387 கிலோ, 80னா 450 கிலோ. ஒரே சைஸ், பார்க்க ஒரே மாதிரி, ஆனா 63 கிலோ வித்தியாசம். உங்க வண்டி தனியாவே 360 கிலோவுக்கு மேல, அதோட நீங்க ரெண்டு பேரு, மூணு பெட்டி, இதுல பெரும்பங்கு பின் சக்கரத்து மேல தான் இறங்குது. மேனுவல்ல சொன்ன நம்பருக்குக் கீழ எப்பவும் போகாதீங்க, மேல கிடைச்சா வாங்குங்க. கூட இருக்கிற எச் (H)ங்கிறது 210 கிலோமீட்டர் வேகம் வரைக்கும்னு அர்த்தம், அது போதும்.

கம்பெனிங்கிறது கடைசிக் கேள்வி தம்பி. டன்லப், மெட்ஸெலர், பிரிட்ஜ்ஸ்டோன்னு டூரிங் டயர்ல பழக்கப்பட்டவங்க இருக்காங்க. உங்க அளவுல முன்னும் பின்னும் ஒரே மாடல் ஜோடியா, புது தேதியில யார்கிட்ட கிடைக்குதோ அதை வாங்குங்க. டயர் மாத்தும் போதே வால்வையும் மாத்திடுங்க, பேலன்சிங் கண்டிப்பா பண்ணுங்க, வீல் பேரிங்கை விரலால சுத்திப் பாருங்க. பின் சக்கரம் வெளிய வந்த நேரத்துல ஃபைனல் டிரைவ் ஸ்ப்லைனை, அதாவது எஞ்சின் சக்தியை பின் சக்கரத்துக்குக் கடத்தற பல்லு பல்லா இருக்கிற இணைப்பைத் துடைச்சு மாலி பேஸ்ட்ங்கிற மாலிப்டினம் கலந்த கிரீஸைத் தடவச் சொல்லுங்க, இதை விட்டுட்டா பல்லு தேஞ்சு பிற்பாடு பெரிய வேலை வைக்கும். முதல் 150 கிலோமீட்டர் நிதானமா ஓட்டுங்க, புது டயர் மேல வழுவழுப்பு இருக்கும்.

கேள்வி: முன் டயர்ல பட்டன் ரம்பம் மாதிரி ஏத்த இறக்கமா தேயுது. டயர் குறையா?

பதில்: பெரும்பாலும் இல்ல. காத்து குறைவா ஓட்டினாலோ, ஃபோர்க் தேஞ்சு தளர்ந்திருந்தாலோ, பேலன்ஸ் இல்லாட்டியோ இப்படி தேயும். காத்தை காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, டயர் குளிர்ந்திருக்கும் போது பாருங்க. மேனுவல்ல சொன்ன அளவு தான் வைக்கணும், சைட்வால்ல போட்டிருக்கிறது அந்த டயர் தாங்கற உச்சம், அதை வைக்கச் சொல்லி இல்ல.

கேள்வி: பெரிய டூரிங் பைக்ல பின்னாடி கார் டயர் போட்டா ரெண்டு மடங்கு ஓடுதுன்னு சொல்றாங்களே சார், போடலாமா?

பதில்: ஓடும், அதை மறுக்கல. ஆனா கார் டயர் தட்டையா நிக்கறதுக்குப் பண்ணினது, பைக் சாயும் போது அது ஓரத்து மேல ஏறி நிக்கும், நீங்க ஹேண்டில்பாரைத் தள்ளிக்கிட்டே இருக்கணும். அதை விட முக்கியம் பீடு, டயர் ரிம்ல உக்கார்ற ஓரம். கார் ரிம்முக்கும் பைக் ரிம்முக்கும் அந்த இடத்தோட வடிவமே வேற, அதனால டயர் கம்பெனிங்க இதை வேண்டாம்னு தான் சொல்றாங்க. பின்னாடி ஒருத்தரை உக்கார வச்சு போற வண்டிக்கு நான் போட மாட்டேன், உங்களையும் போடச் சொல்ல மாட்டேன்.