பிரசவத்துக்குப் பின் திடீரெனத் தாக்கும் தலைவலி: சுருங்கிய மூளை இரத்தக்குழாய்க்கு என்ன சிகிச்சை?

கேள்வி: என் தங்கைக்கு வயது 34. பிரசவமான ஒன்பதாம் நாள் குளித்துக்கொண்டிருந்தபோது தாங்க முடியாத தலைவலி நொடியில் தாக்கியது; மூன்று நாட்களில் மேலும் இரு முறை வந்தது. ஸ்கேன் எடுத்து, மூளை இரத்தக்குழாய்கள் சுருங்கியிருப்பதாகச் சொல்லி நிமோடிபின் கொடுத்திருக்கிறார்கள். முன்பு ஒற்றைத் தலைவலிக்குச் சாப்பிட்ட மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்கலாமா? எப்போது குணமாகும்?

பதில்: அந்த மாத்திரையைக் கொடுக்கவே வேண்டாம். ஒற்றைத் தலைவலிக்குத் தரப்படும் சுமாட்ரிப்டானும் எர்கோடமினும் இரத்தக்குழாய்களைச் சுருக்குபவை. ஏற்கெனவே சுருங்கியிருக்கும் குழாய்களை அவை மேலும் இறுக்கினால் பக்கவாதம் வரை போகலாம். மூக்கடைப்புக்கு வாங்கும் ஃபினைலெஃப்ரின், சூடோஎஃபிட்ரின் கலந்த சளி மாத்திரைகளும் இதே காரணத்தால் ஆகாது. பிரசவ உதிரப்போக்கை நிறுத்த மெத்தில் எர்கோமெட்ரினோ, தாய்ப்பாலை நிறுத்த புரோமோகிரிப்டினோ கொடுக்கப்பட்டிருந்தால் அதை நரம்பியல் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். இவையும் இந்நோயைத் தூண்டக்கூடியவை.

உங்கள் தங்கைக்கு வந்திருப்பது கொழுப்புப் படிந்து உண்டாகும் அடைப்பு அன்று. குழாய்ச் சுவரின் தசை தற்காலிகமாக இறுகி, பெரும்பாலும் 12 வாரங்களுக்குள் தானாகவே தளர்ந்துவிடும் ‘மீளக்கூடிய மூளை இரத்தக்குழாய்ச் சுருக்க நோயாக’ (RCVS) இது இருக்கலாம். ஒரு நிமிடத்துக்குள் உச்சம் தொடுவதும், ஓரிரு வாரங்கள் திரும்பத் திரும்பத் தாக்குவதும், குளியல், மலம் கழிக்க முக்குதல், கடும் உழைப்பு ஆகியவற்றால் தூண்டப்படுவதும் இந்தத் தலைவலியின் அடையாளங்கள். ஆனால் மூளையில் இரத்தக் கசிவு, சிரை இரத்த உறைவு, பிரசவத்தை ஒட்டிய இரத்த அழுத்த நோய் ஆகியவையும் இப்படியே தொடங்கக்கூடும் என்பதால், அவை இல்லையென்று உறுதிசெய்யப்பட்டதா என மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிமோடிபின் தலைவலித் தாக்குதல்களைக் குறைக்க உதவுகிறது. சுருக்கத்தையே அது விரைவில் நீக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை. இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தும் மருந்து என்பதால் சொன்ன அளவிலும் நேரத்திலும் மட்டுமே கொடுத்து, அழுத்தத்தை அவ்வப்போது பார்த்துவாருங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். பாலூட்டும் தாய்க்கும் அது ஏற்றது. ஸ்டீராய்டு கொடுத்த நோயாளிகள் சிலருக்கு நிலைமை மோசமானதால் இந்நோயில் அதைத் தவிர்க்கிறோம்.

மலச்சிக்கல் வராமலும், பாரம் தூக்காமலும், வெந்நீரைத் தலையில் ஊற்றாமலும் சில வாரங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பிரசவ வீட்டில் வழக்கமாகச் செய்யும் வேதுக் குளியலையும் இப்போதைக்கு நிறுத்துங்கள். தலைவலி குறைந்த பிறகும், குறிப்பாக இரண்டாம் வாரத்தில், பக்கவாதம் வரக்கூடும். பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி, பார்வை மங்கல், வலிப்பு இவற்றில் ஒன்று தோன்றினாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். மூன்று மாதம் கழித்து எடுக்கும் ஸ்கேனைத் தவிர்த்துவிடாதீர்கள். அதில் குழாய்கள் பழையபடி விரிந்திருந்தால்தான் நோய் இதுதான் என்பதே முழுமையாக உறுதியாகும்.