பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி

அன்புள்ள ஐயா,

டோபாலஜிக்கல் இன்சுலேட்டர்களின் உட்பகுதி மின்சாரத்தைக் கடத்தாது, பரப்பு மட்டுமே கடத்தும் என்று எழுதியிருந்தீர்கள். ஒளி பரப்பில் பட்டுத்தானே எதிரொளிக்கிறது? அப்படியென்றால், அவற்றுள் ஒன்றான பிஸ்மத் செலினைடின் படிகம் ஒன்றின் தொலை அகச்சிவப்பு எதிரொளிப்பு வரைபடத்தில் நான் கண்ட செங்குத்தான சரிவு பரப்பு எலக்ட்ரான்களுடையதுதானே? இவற்றால் குவாண்டம் கணினி எப்போது வரும்?

ஒரு முதுகலை மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

கணினிக்கு ஆரூடம் சொல்ல வேறு பலர் இருக்கிறார்கள். சில நாட்களாக என்னை உறுத்திக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் முதல் கேள்வி தொட்டுவிட்டதால்தான் எழுதுகிறேன்.

இயற்பியல் முதுகலை படிப்பவர் இப்படி எழுதலாமா? ஒளி ஊடுருவும் ஆழத்திலுள்ள மின்னூட்டங்கள் அனைத்தும் சேர்ந்துதான் எதிரொளிப்பைத் தீர்மானிக்கின்றன. பரப்பு எலக்ட்ரான்கள் சில நானோமீட்டருக்குள் அடங்குபவை. அகச்சிவப்பு ஒளி அதைவிடப் பல மடங்கு ஆழம் செல்வது. 2009இல் ஒளிமின் உமிழ்வுச் சோதனைகள் பரப்பு எலக்ட்ரான்களின் அடையாளமான டிராக் கூம்பை, அதாவது அவற்றின் ஆற்றலும் உந்தமும் சேர்ந்து வரையும் கூம்பு வடிவத்தை, தெளிவாகக் காட்ட முடிந்ததற்குக் காரணம், அங்கே வெளியேறி வருவது எலக்ட்ரான், அதுவும் மேலடுக்கிலிருந்து மட்டுமே என்பதுதான். ஒளியை அளப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. போதாக்குறைக்கு, ஏறத்தாழ 0.3 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இடைவெளி (உட்பகுதி எலக்ட்ரான்கள் இருக்க முடியாத ஆற்றல் நெடுக்கம்) கொண்ட பிஸ்மத் செலினைடில், செலினியம் அணுக்கள் விடுபட்ட இடங்கள் எலக்ட்ரான்களை வழங்கி உட்பகுதியையே உலோகம்போல் ஆக்கிவிடுகின்றன.

என் ஆய்வுக்கால ஆசிரியர், எங்கள் வரைவுகளில் ‘பரப்பு’ என்ற சொல் வரும் இடமெல்லாம் பென்சிலால் வட்டமிட்டு, “தடிமனை மாற்றிப் பார்த்தாயா?” என்று மட்டும் எழுதித் தருவார். மென்படலத்தின் தடிமன் கூடினால் உட்பகுதியின் கடத்தலும் கூடும், பரப்பின் பங்கு மாறாது என்பதே அதன் பொருள். நல்ல கேள்வி, ஆனால் அதோடு நின்றுவிடுபவர்களோடுதான் என் சண்டை. பரப்பருகே, எலக்ட்ரான்களுக்கு அனுமதிக்கப்பட்ட ஆற்றல் பட்டைகள் வளையும்போது அங்கே சாதாரண எலக்ட்ரான்களும் தேங்குகின்றன. தடிமன் சோதனையில் அவையும் தேறிவிடும். 2016இல் காந்தப்புலத்தில் வைத்த பிஸ்மத் செலினைடு படலங்களில், டெராஹெர்ட்ஸ் ஒளியின் (தொலை அகச்சிவப்பை ஒட்டிய ஒளி) முனைவாக்கம், அதாவது அதன் மின்புலம் அதிரும் திசை, திரும்பும் கோணம் ஏறத்தாழ 1/137 மதிப்புள்ள நுண்கட்டமைப்பு மாறிலியால் (ஒளிக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள பிணைப்பின் அளவு) குவாண்டமாவது, அதாவது தனித்தனிப் படிகளில் மட்டுமே அமைவது, அளக்கப்பட்டது. எனக்கு நிறைவளிப்பது அத்தகைய சான்றுதான். அங்கும்கூட ஒரு பரப்பு மட்டும் தர வேண்டிய அரைப் படி தனியே தெரிவதில்லை. மேற்பரப்பும் அடிப்பரப்பும் சேர்ந்து முழு எண்ணையே காட்டுகின்றன.

உங்கள் வரைபடத்தின் சரிவு, பெரும்பாலும் உட்பகுதி எலக்ட்ரான்களின் பிளாஸ்மா விளிம்பு, அதாவது அவை ஒன்றுசேர்ந்து அலையும் அதிர்வெண்ணை ஒட்டி எதிரொளிப்பு சட்டென விழும் இடம். அதன் அதிர்வெண்ணிலிருந்து ஒரு கன சென்டிமீட்டருக்கான எலக்ட்ரான் அடர்த்தியைக் கணக்கிட்டு அனுப்புங்கள்.