சின்னதுதான், அதற்கென்ன?

கேள்வி: மதுரையிலிருந்து வந்த நாத்தனார் குடும்பத்தை மும்பையின் ஃபோர்ட் பகுதிக்கு அழைத்துப்போய், பழைய ரத்தன்சி மூல்ஜி நீரூற்றைக் காட்டினேன். "இந்தத் துக்கடாவுக்கா அண்ணி இவ்வளவு தூரம் இழுத்துவந்தீங்க?" என்று சிரித்துவிட்டார். நாங்களோ அடுக்குமாடி சொசைட்டியில் டேங்கர் தண்ணீருக்குக் காசு அழுதுகொண்டிருக்கிறோம். இந்த ஊரில் இப்படி ஒரு கல்லுக்குப் பராமரிப்பு ஒரு கேடா?
– ஒரு வாசகி, செம்பூர்

பதில்: உங்கள் நாத்தனார் பிருந்தாவன் கார்டனை எதிர்பார்த்து வந்திருக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கூட்டிப்போன அண்ணி வழியிலேயே நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அண்ணாந்து பார்த்தீர்களா? உச்சியில் ஒரு பையன் புத்தகம் படித்துக்கொண்டிருப்பான். ரத்தன்சி மூல்ஜி ஜேட்டா என்ற வணிகரின் ஒரே மகன், தரம்சி. 15 வயதில் போய்விட்டான். அவன் நினைவாக அப்பா 1894-ல் எழுப்பியது இது. பிள்ளையைப் பறிகொடுத்த பணக்காரர்கள் கோயிலுக்குக் கொடுப்பார்கள், சத்திரம் கட்டுவார்கள். இவர் சந்தடி மிகுந்த தெருமுனையில் தண்ணீரை ஓடவிட்டு, அதற்கு மேலே மகன் கையில் புத்தகத்தைக் கொடுத்து உட்காரவைத்தார். வரைந்து கொடுத்தவர் யாரோ எவரோ அல்ல. வி.டி. ஸ்டேஷனையும் (இன்றைய சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) எதிரிலிருக்கும் மாநகராட்சிக் கட்டடத்தையும் வடிவமைத்த எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸ். ஜே.ஜே. ஓவியப் பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸுக்கும் இதில் பங்கு உண்டு. அவ்வளவு பெரிய ஸ்டேஷனில் காட்டிய அக்கறையை இந்தத் துக்கடாவிலும் காட்டியிருக்கிறார்கள்: நிறம் நிறமாகக் கல், சுற்றிலும் மிருகத் தலைகள், அவற்றின் வாய்வழியே தண்ணீர். புதுப்பித்த பிறகு 2018-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் சிறப்புக் குறிப்பும் கிடைத்தது. (செல்ஃபியில் இதெல்லாம் விழுந்திருக்காது. உங்கள் தலைகள் மறைத்திருக்கும்.)

டேங்கர் கோபம் நியாயம்தான். ஆனால் தப்பான விலாசத்துக்குப் போய்விட்டது. இன்றைய நீரூற்றுகளில் விழுந்த தண்ணீரையே மோட்டார் மறுபடி மேலே ஏற்றும். அதை நிறுத்தினால் உங்கள் குழாயில் ஒரு சொட்டும் அதிகமாக வராது.

தண்ணீருக்குத் தவித்த ஊர்தான் இது. கிணறும் குளமுமாகக் காலம் தள்ளி, 1854-ல் பெரும் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பார்த்து, 1860-ல்தான் விஹார் ஏரித் தண்ணீர் குழாயில் வந்தது. நாலே வருஷத்தில், 1864-ல், ஃப்ளோரா நீரூற்று எழுந்தது. குழாய்த் தண்ணீர் வந்த தெம்பு என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அது பகட்டு. இன்னொரு பக்கம் வணிகர்கள் தர்மத்துக்குக் கட்டினார்கள். மஸ்ஜித் பந்தரில் பாட் பஜாருக்குள் 1876-ல் கேசவ்ஜி நாயக் கட்டிய 'ப்யாவ்' நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தல் மாதிரிதான், கல்லில் கட்டி மேலே ஒரு கடிகாரமும் வைத்துவிட்டார். மூட்டை தூக்குகிறவனுக்குத் தண்ணீரும் கிடைத்தது, மணியும் தெரிந்தது. ஃபோர்ட்டில் பஜார் கேட் பக்கம் 1882-ல் எழுந்த பொமன்ஜி ஹோர்மர்ஜி வாடியா நீரூற்று-மணிக்கூண்டு பழைய பாரசீகக் கட்டடச் சாயலில் நிற்கும். அவ்வளவு தூரம் போயும் அதைத் தவறவிட்டிருப்பீர்கள் என்றே தோன்றுகிறது.

உங்களுக்குக் கோபப்பட ஒரு விஷயம் வேண்டுமா? நான் தருகிறேன். குடிக்கத் தண்ணீர் கொடுக்கவென்று கட்டிய ப்யாவ்கள் நகரில் பல இடங்களில் வறண்டு கிடக்கின்றன, கடைகளுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு. புதுப்பிக்கிறவர்கள் கல்லைக் கழுவிக் கம்பிவேலி போடுவதோடு நிற்காமல், வடிகட்டிய தண்ணீரும் ஒரு குழாயில் வரட்டும் என்று கேளுங்கள். வார்டு ஆபீசுக்கு எழுதுங்கள், நகலை எனக்கு அனுப்புங்கள், போடுகிறேன்.

நாத்தனார் இன்னும் ஊருக்குக் கிளம்பவில்லை என்றால், செம்பூரிலிருந்து ஹார்பர் லோக்கலில் மஸ்ஜித்தில் இறங்குங்கள், வி.டி.க்கு முந்தின ஸ்டேஷன். கேசவ்ஜி நாயக் ப்யாவை முதலில் பார்த்துவிட்டு ஃபோர்ட்டுக்கு வாருங்கள். ஞாயிறு காலை உத்தமம். மற்ற நாளில் பாட் பஜார் கைவண்டிக்காரர்கள் மதுரை, செம்பூர் என்றெல்லாம் பார்க்கமாட்டார்கள்.